ஐவியின் கூடையில் விழுந்த திரைகள்

2024 பெப்ரவரி 12, திங்கட்கிழமை, முற்பகல் பத்து மணி பத்து நிமிடம். ஹட்டன் புகையிரத நிலையத்துக்கு ஏறும் வீதியில், ஒரு மருந்துக் கடையின் மேல்மாடி அலுவலகத்தில் ஜீவராணியை முதன்முதலாகச் சந்தித்தேன். கொழும்பிலுள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்றின் சிறு கிளை அது. கைப்பேசிச் செயலிகளின் திரைகளைக் கொழும்பில் ஆங்கிலத்தில் வரைவார்கள். அவற்றைச் சிங்களத்திலும் தமிழிலும் மீண்டும் அமைப்பது ஹட்டன் கிளையின் வேலை. தமிழ்ச் சொற்களை எழுதிக் கொடுப்பதும், அமைந்த திரைகளைப் படித்துப் பிழை பார்ப்பதும் என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன.

ஜீவராணியின் மேசையில் மவுஸ் இல்லை. அது வயர் சுற்றப்பட்டு, ரப்பர் வளையம் மாட்டப்பட்டு, சன்னல் விளிம்பில் கிடந்தது. பழுதாகிவிட்டது போலும் என்று எண்ணி அதைச் சொன்னேன்.

"பழுதில்ல சேர். பக்கத்துல இருந்தா கை சும்மா சும்மா அதுகிட்டப் போகுது. அதான் தள்ளி வச்சிருக்கேன்," என்றார்.

வேலையைத் தொடங்கிய புதிதில் தம் கையைத் தாமே கவனித்திருக்கிறார். ஒரு பெட்டி வரைய, ஓர் எழுத்து இட, ஒன்றைப் பிரதி எடுக்க என்று ஒவ்வொன்றுக்கும் கை விசைப்பலகையை விட்டு மவுஸுக்குப் போய், திரையின் ஓரத்திலிருக்கும் படத்தைத் தேடி அழுத்தி, மறுபடி திரும்பி வந்தது. வரைவதற்கு ஆகும் நேரத்தை விடப் போய்வரும் நேரமே அதிகம் என்று கண்டார். மவுஸைச் சன்னலில் வைத்துவிட்டு, எந்த விசை எதைச் செய்யும் என்று ஒரு மாதம் பழகினார். நான் பார்த்தபோது அவருடைய இரு கைகளும் ஏறக்குறைய அசையாமலே இருந்தன. திரையில் மட்டும் பெட்டிகள் தோன்றி, வரிசையில் நின்று, பெயர் பெற்றுக்கொண்டிருந்தன.

சொற்களை எப்போது தருவீர்கள் என்பதே அவர் என்னிடம் கேட்ட முதற் கேள்வி. திரை முடிந்த பிறகு சொற்களைப் பொருத்துவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவருக்கு அவை முதலிலேயே வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல் நிற்கும் பொத்தானில் 'இரத்துச் செய்க' என்று எழுதினால் அது வெளியே வழியும். ஆங்கில அளவுக்குப் பெட்டி வரைந்துவிட்டுப் பின்னர் ஒவ்வொன்றாக இழுத்து அகலப்படுத்தினால் பாதி நாள் அதிலேயே போய்விடும். ஆகவே உள்ளே வரும் சொல்லுக்கு ஏற்பத் தானாக விரியும் பெட்டிகளையே அவர் அமைத்தார். அதற்கு மிக நீளமான சொற்றொடர் எது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. விசைப்பலகை தமிழில் இருக்கும்போது அந்தக் குறுக்கு விசைகள் வேலை செய்வதில்லை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்குமாக மாறி மாறி அழுத்தினால் நேரமும் போகும், கையும் குழம்பும். எனவே எல்லாச் சொற்களையும் ஒரே மூச்சில் உள்ளே சேர்த்துவிட்டு, அதன் பின்னரே வரைவார். "கொழுந்து எடுக்கிறவங்க நடுவுல கவ்வாத்து வெட்டிக்கிட்டு நிக்க மாட்டாங்கல்ல சேர்," என்று விளக்கம் தந்தார். கவ்வாத்து என்பது தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிச் சீர்செய்வது. அது தனி வேலை, தனி நாள்.

இந்த ஒப்புமை அவருக்கு வீட்டிலிருந்து வந்தது. கொட்டகலைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றின் கீழ்ப்பிரிவில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் பிறந்தவர். தாயார் அம்மாக்கண்ணு ஓய்வு பெறும் வரை கொழுந்து பறித்தவர். ஜீவராணி கொட்டகலைப் பள்ளியில் உயர்தர வகுப்புப் படித்து முடித்து, ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய வகுப்பில் வடிவமைப்புக் கற்று, இருபத்தைந்தாவது வயதில் இந்த அலுவலகத்தில் சேர்ந்திருந்தார்.

அவரோடு வேறு இருவர் அங்கே திரை அமைத்தனர். ஒருவர் கிஷாந்த். வலப்பனையிலிருந்து வந்து ஹட்டனில் அறை எடுத்துத் தங்கியிருந்த இளைஞர். எதையும் கேலியாகச் சொன்னால்தான் அவருக்குச் சொன்னதாகும். மற்றவர் ஐவி. நாற்பதை நெருங்கியவர், நோட்டன் பிரிட்ஜிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். கிளையின் பொறுப்பாளர் மேர்வின். சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர்.

கொழும்பு அலுவலகம் ஒருவருக்கு நாளொன்றுக்கு இருபது திரை என்று அளவு வைத்திருந்தது. கிஷாந்த் திரைகளை எண்ணுவதில்லை, நிறுப்பார். மாலையில், "எனக்கு இருபத்தொரு கிலோ. தண்ணி கழிச்சா இருபது," என்பார். நனைந்த கொழுந்தை நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கழிப்பது வழக்கம். தோட்டத்தில் அன்றைய நிறை குறைந்தவருக்குப் பாதி நாள் வேலையே பதிவாகும். அதற்கு 'அரைப் பேர்' என்று பெயர். "ஐவி அக்காவுக்கு இன்னைக்கும் அரைப் பேர்தான்," என்று அவர் சொல்லும்போது முதலில் ஐவியும் சேர்ந்து சிரித்தார்.

பின்னர் சிரிக்க முடியவில்லை. ஐவி ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் இருந்தார். அளவு இப்படியே குறைந்தால் நிரந்தரமாக்க மாட்டார்கள் என்று மேர்வின் அவரை அழைத்துச் சொல்லிவிட்டார். முன்பு ஹட்டனில் ஓர் அச்சகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் ஐவி. அந்த அச்சகம் மூடப்பட்டுவிட்டது. கணவர் முதுகுவலியால் வேலைக்குப் போவதை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இருவரும் படித்துக்கொண்டிருந்தனர். இந்த நாற்காலி போனால் அவருக்கு வேறு நாற்காலி இல்லை.

அவருடைய தாமதத்துக்குச் சோம்பல் காரணமன்று. அச்சகத்தில் அவர் அமைத்தவை கலியாண அழைப்பிதழ்கள், மரண அறிவித்தல்கள், பூப்புனித நீராட்டு விழா அட்டைகள். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்கக் கூடாது என்பதே அங்கே விதி. ஒவ்வொன்றையும் வெற்றுத்தாளில் தொடங்கி, எழுத்தை எழுத்தாக நகர்த்தி அமைத்துப் பழகிய கை அது. திரை வேலையில் விதி நேர்மாறானது. நூறு பொத்தான்களும் ஒன்றைப் போலவே இருக்க வேண்டும். ஐவி நூறையும் தனித்தனியாக வரைந்துகொண்டிருந்தார்.

தம்மை விடப் பதினைந்து வயது இளையவரிடம் போய்க் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. ஜீவராணிக்கும் மூத்தவருக்குப் பாடம் சொல்லக் கூச்சம். ஆகவே அவர் தமக்குத் தெரிந்த வேறொன்றைச் செய்தார்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைத்தாய்ச்சியோ காய்ச்சல்காரியோ நிறையில் பின்தங்கினால், பக்கத்து நிரையில் நிற்பவர்கள் தங்கள் கூடையிலிருந்து இரண்டு மூன்று கை கொழுந்தை அள்ளி அவள் கூடையில் போடுவார்கள். அவளுக்கு முழுப் பேர் கிடைக்கும். வேறொரு நாளில் அவளும் திருப்பிப் போடுவாள். விடுமுறை நாட்களில் தாயாரோடு மலைக்குப் போன ஜீவராணி இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு பிற்பகல். தம்முடைய இருபது முடிந்துவிட்டது. ஐவிக்குப் பன்னிரண்டு. கிஷாந்த் தேநீர் குடிக்கக் கீழே போயிருந்தார். ஜீவராணி நாற்காலியைச் சற்றே நகர்த்தினார்.

"அக்கா, உங்க பக்கத்துல கொஞ்சம் கொழுந்து போடுறேன். பேசாம இருங்க."

ஐவிக்கு அது புரியச் சற்று நேரம் ஆயிற்று. வார இறுதியில் கொழும்புக்குப் போகும் எண்ணிக்கையில், எந்தத் திரை கோப்பில் யாருடைய பெயரிட்ட பக்கத்தில் இருக்கிறதோ அவருடைய கணக்கில் அது சேரும். ஜீவராணி எட்டுத் திரைகளை அமைத்து ஐவியின் பக்கத்தில் இறக்கினார்.

"இது கடன் புள்ள. திருப்பிக் கொடுத்துருவேன்," என்றார் ஐவி.

"சரிக்கா. ஒரு மழை நாளைக்குக் கேக்குறேன்."

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஐவியின் எண்ணிக்கை நிமிர்ந்தது. மேர்வின் மகிழ்ந்தார். கிஷாந்த் தம் கேலிக்கு வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று. ஐவி மட்டும், பஸ் தாமதமாகும் நாட்களில் படியேறி வரும்போதே ஜீவராணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வருவார்.

ஜூன் மாதத் தொடக்கத்தில், கர்ப்பிணித் தாய்மாருக்கான கிளினிக் செயலியொன்றில் பிழை அகப்பட்டது. தமிழ்த் திரையொன்றில் ஒரு பொத்தான் சிங்களத்திலேயே நின்றுவிட்டது. நானும் அதைத் தவறவிட்டிருந்தேன். வாடிக்கையாளர் கண்டுபிடித்துக் கொழும்புக்குச் சொல்ல, யார் அமைத்தது என்று மேலாளர் தேடினார். திரை இருந்தது ஐவியின் பக்கத்தில். ஆனால் அந்த மென்பொருள் ஒவ்வொரு கோட்டையும் யார், எப்போது இழுத்தார் என்று தன்னுள்ளே பதிந்து வைக்கும். அதில் ஜீவராணியின் பெயர் இருந்தது. மேலாளர் அதற்கு முந்திய வாரங்களையும் திறந்து பார்த்தார்.

மலையில் கொழுந்து கூடைக்குள் விழுந்துவிட்டால் அது எவர் கை பறித்ததென்று தராசுக்குத் தெரியாது. இங்கே தெரிந்தது.

மறுநாள் காலை மேர்வினின் மடிக்கணினிக்கு முன்னால் மூவரும் உட்கார்ந்தனர். கொழும்பு மேலாளர் காணொளி அழைப்பில் சிங்களத்தில் பேசினார். கோபக்காரரல்லர், ஆனால் சுற்றி வளைக்காதவர். முதலில் ஐவியிடம் கேட்டார். ஐவி வாய் திறக்கும் முன்பே ஜீவராணி, அவற்றைத் தாம்தான் அங்கே வைத்ததாகவும் ஐவி கேட்கவில்லை என்றும் சிங்களத்தில் சொன்னார். ஏன் மறைத்தீர்கள் என்றார் மேலாளர். மறைத்ததாக ஜீவராணிக்குத் தோன்றவேயில்லை. மலையிலுள்ள வழக்கத்தைச் சொல்லி விளக்கினார். மேலாளர் முழுவதும் கேட்டார். பிறகு அவர் சொன்னது அறையில் எவரும் எதிர்பாராதது. ஹட்டனில் மூவரும் தவறாமல் இருபதை எட்டுவதைப் பார்த்து, அடுத்த மாதத்திலிருந்து ஆளுக்கு இருபத்தைந்து என்று கணக்குப் போட்டு வாடிக்கையாளருக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டாராம்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது கிஷாந்த் சிரிக்கவில்லை.

"நல்லாத்தான் தர்மம் பண்ணுனீங்க. நீங்க அவங்களுக்குப் போட்ட கொழுந்துக்கு நான்ல தினம் அஞ்சு கிலோ கூட எடுக்கணும்."

அன்று மாலை வீட்டில் நடந்ததை ஜீவராணி பின்னர் என்னிடம் கூறினார். தாயார் ரொட்டி தட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"கங்காணிகிட்ட சொன்னியா?"

"எதுக்கும்மா சொல்லணும்?"

"சொல்லாமயா போடுவோம்? இன்னார் கூடையில இன்னைக்கு ரெண்டு கை போடுறோம்னு அவருக்குத் தெரியும். தெரியாமப் போட்டா, இந்த மலையில எல்லாரும் இவ்வளவு எடுக்குறாங்கன்னு தோட்டத்துத் தொர நிறைக் கணக்கை ஏத்திருவாரு. அப்புறம் எல்லாருக்கும்தான் அரைப் பேர்."

சிறுமியாக நிரையில் நின்று பார்த்தபோது, கொழுந்து கை மாறியதை ஜீவராணி கண்டார். நிரையின் மேட்டில் நின்ற கங்காணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டதைக் காணவில்லை. வழக்கத்தின் ஒரு பாதியை மட்டுமே அலுவலகத்துக்குக் கொண்டுவந்திருந்தார்.

மேலாளரின் தீர்ப்பு வெள்ளிக்கிழமை வந்தது. புதிய அளவு இரண்டு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. வரும் இரண்டு வாரத்துக்குள் ஐவி தம் கையாலேயே இருபதை எட்ட வேண்டும். இல்லையென்றால் தகுதிகாண் காலத்தோடு அவர் விலக வேண்டும். ஐவியின் பக்கத்தில் ஜீவராணியின் பெயர் இனிக் காணப்படக் கூடாது.

இம்முறை ஜீவராணி கேட்டுவிட்டுச் செய்தார். மேர்வினிடம் சென்று, அந்த இரண்டு வாரத்தில் தாம் ஓர் அடித்தொகுப்பு அமைக்க அனுமதி வேண்டுமென்றார். பொத்தான், பெயர் எழுதும் கட்டம், திகதிப் பெட்டி, எச்சரிக்கை அட்டை என்று திரைகளில் திரும்பத் திரும்ப வருபவை அனைத்துக்கும் ஒவ்வொரு மூல உருவம். மூன்று மொழிக்கும் தானாக விரிவது. மூலத்தில் ஒரு திருத்தம் செய்தால் எல்லாத் திரைகளிலும் அது மாறுவது. யாரும் அதிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளலாம். எடுத்து வைப்பவர் கைதான் கணக்கில் பதியும். மேர்வின் கொழும்பைக் கேட்டார். செய்யட்டும், ஆனால் அவருடைய நாளளவு அதற்காகக் குறையாது என்று பதில் வந்தது. ஜீவராணி சம்மதித்தார்.

அந்த இரண்டு வாரமும் வார எண்ணிக்கையில் அவருடைய பெயருக்கு எதிரே குறைவு என்று பதிவாயிற்று. அதற்கு முன் அப்படி ஒரு வாரமும் அவருக்கு இருந்ததில்லை.

ஐவியின் கூச்சமும் அந்த வாரத்தில் உடைந்தது. வேறு வழியும் இருக்கவில்லை. திங்கட்கிழமை காலை அவர் தம் மவுஸைக் கழற்றிச் சன்னல் விளிம்பில் ஜீவராணியுடையதன் பக்கத்தில் வைத்தார். முதல் நாள் அவருக்கு ஒன்பது திரைகூட முடியவில்லை. விசைப்பலகையைத் தமிழிலேயே விட்டுவிட்டுக் குறுக்கு விசையை அழுத்தி, ஒன்றும் நடக்காமல், கணினி நின்றுவிட்டதென்று இரு முறை அணைத்துப் போட்டார். மூன்றாம் நாள் கிஷாந்த் தம் மவுஸையும் கொண்டுபோய் அங்கே வைத்தார். "அதுகளும் கொஞ்சம் வெயில் காயட்டும்," என்றார். வெளியே மூன்று நாளாக மழை.

அடித்தொகுப்பில் ஒரு குறை இருந்தது. அதைக் கண்டவர் ஐவி. ஆங்கிலத்துக்கு வைத்த வரி உயரத்தில் தமிழை ஏற்றியதால் 'கி'யின் மேற்சுழியும் 'மூ'வின் கீழ்வளைவும் ஓரத்தில் நறுக்கப்பட்டிருந்தன. அச்சகக் கண்ணுக்கு அது உடனே பட்டது. "மேலேயும் கீழேயும் மூச்சு விட இடம் கொடு புள்ள," என்றார். ஜீவராணி மூல உருவத்தில் வரியை உயர்த்தினார். எல்லாத் திரைகளிலும் எழுத்துகள் ஒரே நொடியில் முழுமை பெற்றன. ஐவி திரையை நோக்கிக் குனிந்து பார்த்தார். நூறு அட்டையையும் தனித்தனியே திருத்தப் போவதாக எண்ணிக் கையை முன்னேற்பாடாக விசைகள்மேல் வைத்திருந்தார். அதை மெதுவாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்துதான் அவருடைய வேகம் கூடியது என்பது என் கணிப்பு.

கடைசி வெள்ளிக்கிழமை ஐவி இருபத்திரண்டு திரை அமைத்தார். அத்தனையிலும் அவர் பெயர் மட்டுமே இருந்தது. மாத முடிவில் வேலை நிரந்தரமாயிற்று. அளவு இருபத்தைந்தாக உயர்ந்ததைத் தடுக்க முடியவில்லை. ஆனால் அடித்தொகுப்பு கையில் இருந்ததால் மூவருக்கும் அது எட்டியது. கிஷாந்த் மறுபடி கிலோக் கணக்குச் சொல்லத் தொடங்கினார்.

ஆண்டு இறுதியில் கொழும்பு அந்த அடித்தொகுப்பை நிறுவனம் முழுவதற்கும் எடுத்துக்கொண்டது. அதற்கு ஹட்டனிலிருந்து ஒருவரைப் பொறுப்பாளராக்குவது என்றும், அவ்வாண்டில் அளவு குறையாதவரையே நியமிப்பது என்றும் முடிவாயிற்று. ஜீவராணிக்கு இரண்டு வாரக் குறைவு இருந்தது. கிஷாந்துக்கு ஒக்டோபரில் மஞ்சள் காமாலை வந்து வாரக்கணக்கில் விடுபட்டிருந்தது. ஐவிக்கு நிரந்தரமான நாளிலிருந்தே கணக்கு. அதன் பின் ஒரு குறைவும் இல்லை. பொறுப்பு ஐவிக்கு வந்தது. தொகுப்பின் முதற் பக்கத்தில் அவர் பெயர் ஏறியது.

ஐவி மேர்வினிடம் இது முறையன்று என்று சொல்லியிருக்கிறார். விதி அப்படி என்றார் மேர்வின். பிறகு ஐவி ஜீவராணியிடம் வந்தார்.

"நீ ஒரு வார்த்தை சொல்லு. நான் கொழும்புக்கு நேராப் பேசுறேன். இது நான் தர வேண்டிய கடன்தானே?"

"இருக்கட்டும்க்கா. பிள்ளைங்க படிக்கிற நேரம். நீங்களே பாருங்க," என்றாராம் ஜீவராணி.

2025ஆம் ஆண்டு நடுப்பகுதியில் ஜீவராணி வேறு நிறுவனமொன்றுக்கு விண்ணப்பித்தார். கொட்டகலையில் வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய வேலை. தாயாருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. அந்த வேலை அவருக்குத் தேவையாக இருந்தது. நேர்முகத்தேர்வில் அடித்தொகுப்பைக் காட்டினார். முதற் பக்கத்தில் வேறொருவர் பெயர் இருக்கிறதே, இது உங்கள் வேலை என்று அவரைச் சொல்ல வைக்க முடியுமா என்று கேட்டார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்கும் காரியம். ஜீவராணி அதைச் செய்யவில்லை. வெற்றுக் கோப்பு ஒன்றும் ஒரு மணி நேரமும் தரும்படி கேட்டார். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே, மூன்று மொழிக்கும் விரியும் சிறு தொகுப்பொன்றைப் புதிதாக அமைத்துக் காட்டினார். வரி உயரத்தை மட்டும் தாம் கண்டுபிடிக்கவில்லை, உடன் வேலை செய்த ஓர் அக்கா சொன்னது என்றும் சொல்லி வைத்தார். வேலை கிடைத்தது.

கிஷாந்த் மூலம் ஐவிக்கு இது தெரிய வந்தபோது நானும் அலுவலகத்தில் இருந்தேன். உடனே கைப்பேசியை எடுத்து ஜீவராணியை அழைத்தார். குரலில் கோபம் இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன? கேக்குறேன், கேக்குறேன்னு சொல்லிக்கிட்டு எப்பத்தான் கேப்ப?"

மறுமுனையில் என்ன சொல்லப்பட்டது என்று எனக்குக் கேட்கவில்லை. ஐவி கைப்பேசியை மேசையில் வைத்தார். பிறகு எங்களிடம், "மழை வருதாம், வெளியில துணி கிடக்காம், அப்புறம் பேசுறாளாம்," என்றார்.

அதன் பின்னர் இருவரும் எத்தனையோ முறை பேசியிருக்கிறார்கள். தேர்த் திருவிழாவுக்கு ஜீவராணி அழைத்து ஐவி கொட்டகலைக்குப் போய் வந்தார். கிறிஸ்து பிறப்பு விழாவான நத்தாருக்கு ஜீவராணி தாயாரையும் கூட்டிக்கொண்டு நோட்டன் பிரிட்ஜுக்குப் போனார். அந்தப் பக்கத்தில் மழை நாளுக்குக் குறைவே இல்லை. கடனைப் பற்றி ஜீவராணி இன்று வரை கேட்கவில்லை.